பெரியம்மா நியூயோர்க் பார்த்த கோடை

பலெர்மோவில் என்னோடு வளர்ந்து, இப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் யாரைப் பார்த்து மிக அதிகமாக வயிறெரிந்தீர்கள்? உங்களுக்கு யோசிக்க நேரம் வேண்டியிருக்கலாம். எனக்கு வேண்டாம். என் பெரியம்மாவின் மகளைப் பார்த்துத்தான்.

அவள் என்னைவிடச் சில மாதம் மூத்தவள். அந்தச் சில மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு முழங்கால்வரை தலைமயிர். அவள் இத்தாலியன் கதைத்தால் பள்ளிக்கூட ஆசிரியை, மாயெஸ்த்ரா, கன்னத்தைத் தட்டுவார். நான் கதைத்தால் சந்தையில் மீன் விற்கிறவன் மாதிரி இருக்கிறதாம். உண்மைதான், நான் மீன்காரனிடம்தான் பழகினேன்.

வுச்சீரியா சந்தைக்குப் பின்னால், வெயில் நிலத்தில் படாத ஓர் ஒழுங்கையில் எங்கள் கட்டடம். தரையோடு ஒரு சிசிலிக்காரச் சிஞ்ஞோரா. அவருடைய கணவர்தான் அந்த மீன்காரன். அதற்கு மேலே நாங்கள். எங்களுக்கு மேலே பெரியம்மா வீடு. அம்மாவும் பெரியம்மாவும் லிபெர்த்தாத் தெருவில் பணக்கார வீடுகள் துடைக்கப் போனார்கள். விடியவே இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், பின்னேரம் ஒரே பஸ்ஸில் வருவார்கள். மேல்வீட்டில் மீன் பொரித்தால் கீழ்வீட்டில் சோறு மட்டும் அவித்தால் போதும், அப்படி ஒரு ஒட்டு. அம்மாவுக்கு அக்காவை விட்டால் இந்த நாட்டில் யாரும் இல்லை. பெரியம்மாவுக்கும் அப்படித்தான்.

நம்முடைய ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை. நல்ல காரியம் எதையும் கைக்கு வந்து சேரும்வரை வாய் திறக்க மாட்டோம். விசா கிடைத்தால் சொல்ல மாட்டோம், சம்பந்தம் பொருந்தினால் சொல்ல மாட்டோம், வீட்டுக்கு முற்பணம் கட்டினால் சொல்ல மாட்டோம். சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். ஆள் விமானம் ஏறிப் போன பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அதுவும் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

அந்தக் கோடையில் பெரியம்மா குடும்பம் வட இத்தாலியில் பொலோஞ்ஞாவுக்குப் போவதாகச் சொன்னார்கள். அங்கே பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருக்கிறாராம், பெரியப்பாவுக்கு வேலை பார்த்துத் தருவாராம், ஒரு மாதம் நின்று பார்க்கப் போகிறார்களாம். பொலோஞ்ஞாவுக்கே எனக்கு எரிந்தது. நான் அதுவரை பக்கத்து ஊரான பகேரியாவைத் தாண்டியதில்லை. அம்மா விடியப்புறமே எழும்பி, ரயிலில் சாப்பிடட்டும் என்று ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்துப் பார்சல் கட்டிக் கொடுத்தார். பெரியம்மா பொலோஞ்ஞா நம்பர் ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்து, "ஏதும் அவசரமெண்டால் எடு தங்கச்சி" என்றார்.

"பொலோஞ்ஞாவுக்கு இவ்வளவு பெரிய சூட்கேசோ?" என்று அப்பா பகிடி விட்டார். பெரியப்பா கேட்காத மாதிரிப் படியிறங்கினார்.

அவர்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று போனது. அப்பா தான் வேலை செய்த வீட்டுக்காரர்களோடு அவர்களின் பகேரியா வில்லாவுக்குப் போய்விட்டார். கோடை முழுவதும் அங்கே சமையல். அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராக்கள் கடற்கரைகளுக்குப் போனதால் அம்மாவுக்கு வேலை இல்லை. நானும் அம்மாவும் பாதி இழுத்த ஜன்னல் பலகைகளுக்குள் இருந்தோம். ஒழுங்கை எங்கும் மீன் தண்ணீரும் வெயிலில் பழுத்துப்போன மெலோன் தோலும் மணக்கும். வழக்கமாக அம்மாவுக்கு மீன் மணம் பிடிக்கும். அந்த முறை மீன்காரன் வாள்மீன் வெட்டத் தொடங்கினாலே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். "வெயில் பிள்ளை, வெயில்" என்றார். நான் நம்பினேன். அம்மா பாதி நாள் படுத்தே இருந்தார். எனக்கோ, மேல்வீட்டுக்காரி பொலோஞ்ஞாவில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள் என்ற ஒரே நினைப்பு.

பெராகொஸ்தோ அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஓகஸ்ட் நடுவில் வரும் அந்த விடுமுறை நாளில் பலெர்மோவில் ஒரு கடை திறந்திருக்காது, ஒரு பஸ் ஒழுங்காக ஓடாது. ஊரே கடற்கரையில் கிடக்கும். காலையில் அம்மா குளியலறைக்குள் போனார். நெடுநேரமாக வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். குரல் அம்மாவின் குரல் மாதிரி இல்லை.

"அப்பாவுக்கு எடு."

எடுத்தேன். பகேரியா வில்லாவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பெரியம்மாவுக்கு எடு. உடனை வரச் சொல்லு."

பொலோஞ்ஞா நம்பரைச் சுற்றினேன். ஒரு மாமாவின் குரல். பெரியம்மாவைக் கேட்டேன்.

"அவை இஞ்சை இல்லையே பிள்ளை. அவை நியூயோர்க்கெல்லோ போட்டினம், பெரியப்பான்ரை தமையன் வீட்டை! உங்களுக்குச் சொல்லேல்லையே?" என்றார் அவர். பிறகுதான் தான் உளறிவிட்டது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். லைனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நியூயோர்க்! தொலைக்காட்சியில் கண்ட அந்த உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் அவளுக்கு! என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், பொலோஞ்ஞா என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்! எதற்காக டெலிபோன் எடுத்தேன் என்பதே மறந்துவிட்டது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவில் அடித்தேன்.

"அம்மா, அவை பொலோஞ்ஞாவுக்குப் போகேல்லை! அமெரிக்காவுக்குப் போட்டினமாம்! எங்களுக்குச் சொல்லாமல் போட்டினமாம்!"

உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னார்:

"கீழை போய்ச் சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு வா."

நல்லகாலம், மீன்காரனின் மனைவி கடலுக்குப் போகாமல் வீட்டில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு மேலே ஓடி வந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், "மாதோன்னா மீயா" என்று சிலுவை போட்டார். மீன்காரன் மீன் ஏற்றும் மூன்று சக்கர வண்டியைக் கழுவி, அதில் மெத்தை போட்டு, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் சிஞ்ஞோராவின் குசினியில் அந்தக் கத்தரிக்காயைத் தின்றுகொண்டு இருந்தேன். அமெரிக்காவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருடைய தம்பி அங்கே இருக்கிறானாம்.

"அங்கே எல்லாம் பெரிது மகளே. வீடு பெரிது, தட்டு பெரிது. தக்காளிக்கு மட்டும் ருசி கிடையாது" என்றார்.

எனக்கு அது போதுமான ஆறுதலாக இல்லை.

அடுத்த நாள் அப்பா வந்தார். அம்மாவின் வயிற்றில் ஒரு கட்டி இருந்ததாம், எடுத்தாயிற்றாம். சில நாளில் அம்மா வீட்டுக்கு வந்தார். நடக்கும்போது சுவரைப் பிடித்தார், ஆனாலும் கட்டில் விரிப்புகளை யாரையும் தொட விடாமல் தானே தோய்த்தார். கீழ்வீட்டுச் சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து ஏதோ மெதுவாகக் கதைத்தார். சிஞ்ஞோரா வாயில் விரல் வைத்துத் தலையாட்டினார். பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பெரியம்மா வந்தால், நான் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒண்டும் கதைக்கக்கூடாது. விளங்குதோ?"

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவர்கள் எங்களுக்கு ஒளித்தார்கள், இப்போது நாங்களும் அவர்களுக்கு ஒன்றை ஒளிக்கப் போகிறோம். அம்மா பழி வாங்குகிறார் என்றே நினைத்தேன். உயிர் போனாலும் சொல்வதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் மாடிப்படி முழுக்கப் புகை. தொண்டையைக் கீறும் காரம். கட்டடமே இருமியது. கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா நெருப்பு நெருப்பு என்று கத்திக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஏறி வந்தார். நெருப்பில்லை. பெரியம்மா குடும்பம் வந்து சேர்ந்ததும், பெரியம்மா சூட்கேசைக்கூடத் திறக்காமல், தன்னோடு சேர்த்து மூன்று பேரையும் கிழக்குப் பார்க்க இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறார். அது முடிந்த பிறகுதான் பெரியம்மா கீழே இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

அம்மா கதவைத் திறந்தார். இரண்டு பேரும் இருமினார்கள்.

"ஆரின்ரை கண்ணுக்கு அக்கா இவ்வளவு மிளகாய்?" என்று அம்மா கேட்டார்.

"பொதுவா எல்லாற்றை கண்ணுக்கும்தான்" என்றார் பெரியம்மா. பிறகு, "பிள்ளையை விட்டுப் பொலோஞ்ஞாவுக்குப் போன் எடுப்பிச்சனியாம்?"

"ஓம்."

"என்ன அவசரம்?"

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஒண்டுமில்லை. சும்மா சுகம் கேட்க."

"சும்மாவோ?" என்று பெரியம்மா சிரித்தார். நாங்கள் உண்மையாகவே பொலோஞ்ஞாவில் நிற்கிறோமா என்று வேவு பார்த்திருக்கிறாய் என்பதுதான் அந்தச் சிரிப்பு. அம்மா மறுக்கவில்லை. பெரியம்மா ஒரு சொக்கலேட் பெட்டியையும் எனக்கொரு ரீசேர்ட்டையும் கதவு நிலையிலேயே கொடுத்துவிட்டு ஏறிப் போனார். உள்ளே வந்திருந்தால் அம்மா மெலிந்திருந்ததைக் கண்டிருப்பார்.

ரீசேர்ட் எனக்கு இறுக்கம். அவளுக்கு ஒரு மகுடம் கிடைத்திருந்தது. பச்சை ரப்பர் பஞ்சில் செய்த, கூர் கூராக நீட்டிக்கொண்டிருக்கும், நியூயோர்க் சுதந்திர தேவி சிலையின் மகுடம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் சந்தைக்குள் நடந்தாள். மீன்காரர்கள் எல்லாரும் "அமெரிக்கானா! அமெரிக்கானா!" என்று கத்தினார்கள். என்னுடைய மீன்காரனும் கத்தினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் முறை வைத்துப் போடக் கொடுத்தாள், என் முறை வரும்போது அவளுக்குச் சாப்பிடப் போக வேண்டியிருக்கும். அடுத்த கோடையில் மொந்தெல்லோ கடலில் அது அலையோடு போனதாம். எனக்குத் துக்கமே வரவில்லை.

பின்னேரங்களில் படியில் இருந்து அவள் அளப்பாள். வேண்டாம் என்று எழும்பிப் போகவும் முடியாது, கேட்டுக்கொண்டு இருக்கவும் முடியாது. லிஃப்டில் ஏறினால் காது அடைக்குமாம். மேலே நின்று பார்த்தால் மஞ்சள் டாக்சிகள் கடலைப் பருப்பு கொட்டின மாதிரி இருக்குமாம். சிலையைப் பார்க்கக் கப்பலில் போனார்களாம், பெரியம்மா கப்பலில் சத்தி எடுத்தாராம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்த உடனே கேட்காமலே ஐஸ் போட்ட தண்ணீர் வருமாம். காலையில் அப்பம் மாதிரி தடித்த ஒன்றுக்கு மேல் பாணி ஊற்றிச் சாப்பிட்டார்களாம். ஒரு கடையில் எவ்வளவு வேண்டுமென்றாலும் எடுத்து எடுத்துத் தின்னலாமாம், பெரியப்பா பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாராம். மிச்சத்தை வெட்கமில்லாமல் பெட்டியில் போட்டுத் தருவார்களாம். போகிற இடமெல்லாம் பெரியம்மா "மாடு இல்லைத்தானே? மாடு இல்லைத்தானே?" என்று பெரியப்பாவின் தமையனைக் கேட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து எல்லாவற்றிலும் தூவினாராம்.

"கொம்மா தந்த ரொட்டியைப் பிளேனுக்குள்ளை சாப்பிட்டனாங்கள்" என்றாள். "சம்பல் மணத்துக்குப் பக்கத்துச் சீட் வெள்ளைக்காரன் எழும்பிப் போட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோக் கொப்பி போட்டார்கள். அந்தக் காலத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு எதுவானாலும் கொப்பி வரும், ஊர்ச் சனம் முழுக்கக் கூடிப் பார்க்கும். அமெரிக்காக் கொப்பி என்றால் கேட்கவா வேண்டும்? பெரியம்மா வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. ரோல்ஸ் பொரித்து அடுக்கியிருந்தார்கள். அம்மா கதவோரம் ஒரு கதிரையில் இருந்தார். அக்கா கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியாது.

கட்டடம் வந்தது, பாலம் வந்தது, சிலை வந்தது. பிறகு ஒரு சாப்பாட்டுக் கடை. ஜன்னலுக்கு வெளியே ஆறு, மேசையில் வெள்ளை விரிப்பு. எல்லாருடைய கழுத்திலும் துணி கட்டியிருந்தது. தட்டு நிறையச் சிவப்பாக ஒரு முழுச் சிங்கறால். பெரியம்மா அதன் காலைப் பிடித்து முறிக்கிறார், சாறு தெறித்து பெரியப்பாவின் கண்ணாடியில் படுகிறது, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"உது பெராகொஸ்தோ அண்டைக்கு" என்று பெரியம்மா விளக்கம் சொன்னார். "இஞ்சை எல்லாம் பூட்டிக் கிடந்திருக்கும், என்ன? அங்கை நாங்கள் ஆத்தங்கரையிலை சிங்கறால் திண்டம். என்ரை சீவியத்திலை அப்படிச் சிரிச்சதில்லை."

அம்மா எழும்பினார். தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனார். கேத்தில் கொதித்துச் சத்தமிட்டும் வெளியே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, பின்கதவால் எங்கள் வீட்டுக்கு இறங்கிவிட்டார் என்று தெரிந்தது.

பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "எரிச்சல். கூடப்பிறந்தவள் ரெண்டு இடம் பாத்து வந்ததைத் தாங்கேலாமல் கிடக்கு. உதுக்குத்தான் சொல்லாமல் போனனாங்கள்."

பெண்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம் இல்லை, ஒரு பெருமை. அம்மாவும் என்னைப்போலத்தான்! இத்தனை நாளாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், எனக்குத் துணைக்கு அம்மா இருக்கிறார்! கீழே ஓடிப்போனேன். அம்மா இருட்டில் கட்டில் ஓரத்தில் இருந்தார். பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, "நாங்கள் சிக்காகோ போவம் அம்மா, அவையைவிடப் பெரிய சிங்கறால் தின்னுவம்" என்றேன். அம்மா என் தலையைத் தடவினார். அவ்வளவுதான்.

அந்த மாரி முழுக்க அம்மாவும் பெரியம்மாவும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். அம்மா முந்தின பஸ்ஸில், பெரியம்மா பிந்தினதில். மேல்வீட்டில் மீன் பொரித்தால் நாங்களும் கீழே மீன் பொரித்தோம். தை மாதம் போல, எப்படி என்று எனக்குத் தெரியாது, ஒருநாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கதைத்தார்கள், சிரித்தார்கள். ஆனால் அம்மாவுக்கு எரிச்சல் குணம் என்ற பெயர் ஊருக்குள் நின்றுவிட்டது. யாராவது புதுக் கார் எடுத்தால் அம்மாவுக்குக் காட்டாமல் அடுத்த தெருவில் விட்டார்கள்.

வருடங்கள் போய் எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் வந்தது. இரண்டாம் மாதமே நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா என்னைப் பிடித்து ஏசினார். "மூண்டு மாதம் தாண்டாமல் ஏன்டி பறையடிக்கிறாய்?" என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்றுதான் சொன்னார். அந்தக் கோடையில் எடுத்தது கட்டி இல்லை. எனக்கொரு தம்பியோ தங்கையோ வர இருந்தது.

"பெரியம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவளுக்கு ரெண்டாவது தங்கவே இல்லைப் பிள்ளை. எவ்வளவு கோயில், எவ்வளவு டொக்டர். எனக்கு வந்திட்டுதெண்டால் அவளின்ரை மனம் பாடுபடும், கண் படும் எண்டு பயந்து ஒளிச்சன்."

பிறகு தானே சிரித்தார். "நான் அவளின்ரை கண்ணுக்குப் பயந்தன், அவள் என்ரை கண்ணுக்குப் பயந்தாள். நான் என்னெண்டு கோவிக்கிறது?"

"அதுக்குப் பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே அம்மா. எரிச்சல்காரி எண்டு ஊரெல்லாம் கதைச்சினம்."

"சொன்னா, ஏன் ஒளிச்சனீ எண்டு கேப்பாள். பிறகு, அண்டைக்கு நான் இஞ்சை இல்லாமல் சிங்கறால் திண்டுகொண்டிருந்தனே எண்டு சாகுமட்டும் அழுவாள். அவள் வேறை எங்கை போனவள், சீவியத்திலை பாத்தது அந்த நியூயோர்க் ஒண்டுதானே. எரிச்சல்காரி எண்டே இருக்கட்டும். ஆருக்கு நட்டம்?"

எனக்கு அன்று வந்ததும் பொறாமைதான். இப்படி ஒருத்திக்கு விட்டுக்கொடுக்கும் அளவுக்கு எனக்கு யாரும் இல்லை. அந்த மகுடக்காரி இப்போது லண்டனில். நான் போடும் படங்களுக்கு அவள் ஒரு இதயம் போடுவாள், அவள் போடும் விடுமுறைப் படங்களுக்கு நான் அதுகூடப் போடுவதில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் இன்னும் அதே கட்டடத்தில்தான். அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படி ஏற முடியாமல் பெரியம்மா பகலெல்லாம் அம்மா வீட்டில். போன மாதம் என் மகள் படிப்புக்காக நியூயோர்க் போகிறாள் என்று சொல்லப் போயிருந்தேன். விசா வந்த அன்றே சொன்னேன், வேண்டுமென்றே. பெரியம்மா உடனே தொடங்கிவிட்டார். லிஃப்ட், கப்பல், ஐஸ் தண்ணீர், ஆற்றங்கரைச் சிங்கறால். எண்பதை எட்டும் வயதிலும் ஒரு தட்டையும் மறக்கவில்லை. கடைசியில் அம்மாவின் தொடையில் தட்டினார்.

"உவளுக்கு அண்டைக்கு என்னிலை சரியான எரிச்சல். தேத்தண்ணி போடுறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடினவள். இல்லையெண்டு சொல்லடி பாப்பம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஓம் அக்கா" என்றார் அம்மா. "எனக்கு அண்டைக்குச் சரியான எரிச்சல்தான்."

பெரியம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்துத் தங்கச்சி ஒத்துக்கொண்டுவிட்டாள். தன் தட்டில் இருந்த கேக்கில் பாதியை வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தார்.

"விசரி, போன் எடுப்பிச்ச அண்டைக்கு வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், எல்லாத்தையும் விட்டிட்டு அடுத்த பிளேனிலை உன்னட்டை வந்திருப்பன், உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

"தெரியும் அக்கா" என்று சொல்லிவிட்டு, அம்மா கேக்கைச் சாப்பிடத் தொடங்கினார்.